மலைநாட்டுப் பள்ளிக்கு எப்படிப்பட்ட சமூகப் பாட ஆசிரியர் வேண்டும்?

(குன்னூரில், ஆசிரியர் பயிற்சி பெற்றுவரும் பட்டதாரி இளைஞர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சரித்திரத்திலோ பூகோளத்திலோ பட்டம் பெற்று, உயர்நிலைப் பள்ளியில் சமூகப் பாடம் நடத்துவதற்காகப் பயிற்சி பெறுகிறவர்கள் நீங்கள். உங்களை வாழ்த்திவிட்டு, ‘ஆசிரியர் பணி அறப்பணி’ என்று நாலு வார்த்தை சொல்லி இறங்கிவிடுவது சுலபம். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கே சலித்திருக்கும். ஆகவே நாம் வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டு இந்தப் பயிற்சியை முடித்து, நீங்கள் கூடலூரிலோ பந்தலூரிலோ கோத்தகிரியிலோ ஒரு வகுப்பறையில் போய் நிற்கும்போது, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லித்தரப் போகிறீர்கள்? அதற்கு இந்தப் பயிற்சி உங்களைத் தயார் செய்கிறதா? இதுதான் கேள்வி.

முதலில் நீங்கள் ஏறிவரும் ஏணியைப் பார்ப்போம். மூன்று ஆண்டு பட்டப் படிப்பு. அதன்மேல் பி.எட். 2015 வரை ஓராண்டாக இருந்த இந்தப் படிப்பு, தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் 2014-ம் ஆண்டு விதிகளால் இரண்டாண்டு ஆயிற்று. பிறகு தகுதித் தேர்வு. கட்டாயக் கல்விச் சட்டம் வந்தபின் 2012-ல் நமது மாநிலத்தில் முதன்முதலாக நடந்த தேர்வு இது. 150 கேள்வி, 150 மார்க். அதில் சமூக அறிவியலுக்கு 60. இதில் தேறிவிட்டால் வேலையா? இல்லை. 2018-ம் ஆண்டு அரசாணைப்படி இன்னொரு போட்டித் தேர்வு உண்டு. அந்தத் தேர்வு முதன்முதலில் நடந்ததோ 2024 பிப்ரவரியில்!

இத்தனை படிகளையும் ஏறுகிறவர் யார்? கொழுந்து பறிக்கும் தாயின் மகளாக இருந்தால், அவள் பட்டம் வாங்குவதற்குள் குடும்பத்தின் கையிருப்பு தீர்ந்துபோகிறது. நாட்டிலுள்ள ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் சுமார் நூற்றுக்குத் தொண்ணூறு தனியார் கையில் இருக்கின்றன என்று, சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவால் அமைந்த நீதிபதி ஜே.எஸ். வர்மா கமிஷன் 2012-லேயே கூறிவிட்டது. கட்டணம் கட்ட வேண்டும். விடுதிக்குக் கட்ட வேண்டும். மலையிலிருந்து இறங்கிச் சமவெளியில் படிப்பதானால் பஸ் செலவும் சேரும். மலையில் பிறந்த பிள்ளை மலைப் பள்ளியின் ஆசிரியராகத் திரும்பி வருவதற்கு எத்தனை தடைகள் என்பதை நாம் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பாடம் எப்படிப் பிறந்தது?

‘சமூகப் பாடம்’ என்ற பெயரே பலருக்கு ஒரு மூட்டை போலத் தோன்றுகிறது. சரித்திரம் கொஞ்சம், பூகோளம் கொஞ்சம், குடிமையியல் கொஞ்சம், பொருளாதாரம் கொஞ்சம். கட்டி வைத்தால் சமூகப் பாடம்! ஆனால் அந்தப் பெயர் வந்த காரணம் அதுவல்ல. 1916-ல் அமெரிக்காவில் ஒரு கல்விக் கமிட்டி இந்தப் பெயரை முன்வைத்தது. மனிதர்கள் கூட்டாக வாழ்வது எப்படி, அந்த வாழ்க்கை எப்படி உருவாயிற்று, எப்படி மாறுகிறது என்று பிள்ளைகள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் கருத்து. நமது நாட்டில் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-53-ல் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் கமிஷன், உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவருக்கும் பொதுவான பாடங்களில் ஒன்றாகச் சமூகப் பாடத்தை வைக்கச் சொன்னது. விடுதலை பெற்று ஐந்தாண்டுதான் ஆகியிருந்தது. ஓட்டுரிமை எல்லோருக்கும் வந்துவிட்டது. ஓட்டுப் போடுகிறவன் தன் நாட்டை அறிந்திருக்க வேண்டாமா?

ஆசிரியர் பயிற்சி அதற்கும் வெகு காலம் முற்பட்டது. சைதாப்பேட்டைப் பயிற்சிக் கல்லூரியின் சரித்திரம் 1856-ல் தொடங்குகிறது. வெள்ளைக்கார சர்க்காருக்குக் கணக்கெழுதவும் கச்சேரியில் குமாஸ்தா வேலை பார்க்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். அவர்களுக்குப் படிப்புச் சொல்லித்தர உபாத்தியாயர்கள் தேவைப்பட்டனர். அந்தக் காலத்துப் பழக்கம் ஒன்று இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. ஆசிரியர் சொல்லுவார், மாணவர் எழுதுவார், இன்ஸ்பெக்டர் வந்து நோட்டைப் பார்ப்பார் என்ற பழக்கம்தான் அது.

இன்றைய பயிற்சியில் என்ன நடக்கிறது? நுண்ணிலைக் கற்பித்தல் என்கிறார்கள். 1963-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை. ஐந்தாறு நிமிஷம் ஒரே ஒரு திறமையை மட்டும் பழகுவது: கேள்வி கேட்பது, கரும்பலகையில் எழுதுவது, உதாரணம் காட்டுவது. நல்ல முறைதான். பாடக் குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். அதுவும் வேண்டியதுதான், எங்கே போகிறோம் என்று தெரியாமல் வகுப்புக்குள் நுழைகிறவர் நாற்பது பிள்ளைகளின் நேரத்தைத் திருடுகிறார். ஆனால் பாடக் குறிப்பை அண்ணன் எழுதியதிலிருந்து தம்பி பார்த்தெழுதுவதும், படங்களைக் கடையில் வாங்கி ஒட்டுவதும், தெர்மாகோலில் கோட்டை கட்டுவதும், ரெக்கார்டு நோட்டுக்குக் கலர் அட்டை போடுவதுமே பயிற்சி என்று ஆகிவிட்டால்? இரண்டாண்டு ஓடிவிடும், நோட்டு தடிக்கும், ஆசிரியர் உருவாகமாட்டார்.

வகுப்பில் உட்கார்ந்திருப்பது யார்?

பயிற்சிக் கல்லூரியில் ‘மாணவனை அறிந்துகொள்’ என்று மனோதத்துவம் படிக்கிறீர்கள். பியாஜே, வைகோட்ஸ்கி பெயர்களெல்லாம் பரீட்சைக்கு வருகின்றன. நல்லது. அந்த மாணவன் இந்த மலையில் யார்?

தமிழ்நாட்டில் மத்திய சர்க்கார் மிகவும் நலிந்த பழங்குடியினர் என்று வகைப்படுத்தியிருப்பது ஆறு இனங்களை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். இந்த ஆறு இனத்தவரும் நீலகிரியில் வாழ்கிறார்கள். படுகர் பிள்ளைகள் ஹட்டிகளிலிருந்து வருகிறார்கள். வீட்டில் பேசுவது படுக மொழி. கூடலூர், பந்தலூர் பக்கத்தில் மலையாளம் பேசும் வீடுகள், கன்னடம் பேசும் வீடுகள் உண்டு. எஸ்டேட் லயன் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளில் பலர், பாட்டன் காலத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தவர். இவர்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். ஒரே புத்தகத்தைத் திறக்கிறார்கள்.

சென்னையில் அச்சான புத்தகம் தமிழ்நாடு முழுவதற்கும் பொது. அது அப்படித்தான் இருக்க முடியும். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பொதுப் புத்தகத்துக்கும் இந்தப் பெஞ்சுக்கும் நடுவே நிற்பவர் யார்? ஆசிரியர்தான். தன் மலையை அறியாத ஆசிரியர் நின்றால், பிள்ளை புத்தகத்தை மனப்பாடம் செய்யும். சரித்திரம் என்பது எங்கோ, யாருக்கோ நடந்தது என்று நினைத்துக்கொள்ளும். தன் பாட்டி சரித்திரத்தில் இருக்கிறாள் என்பதே அதற்குத் தெரியாமல் போய்விடும். இதைவிடப் பெரிய நஷ்டம் ஒரு சமூகப் பாட வகுப்பில் வேறு என்ன இருக்க முடியும்?

வெறும் உபதேசமாகப் போய்விடக் கூடாது. ஆகவே, பயிற்சிக் காலத்திலேயே நீங்கள் தயாரித்துப் பார்க்கக்கூடிய நாலு பாடங்களைச் சொல்லுகிறோம்.

முதல் பாடம்: ‘கண்டுபிடித்தார்’ என்ற சொல்

‘1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரியைக் கண்டுபிடித்தார்.’ இந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். ‘கண்டுபிடித்தார்’ என்ற சொல்லுக்கு அடியில் கோடு போடுங்கள். பிறகு பிள்ளைகளைக் கேளுங்கள்: அவர் வந்தபோது இங்கே ஆட்கள் இல்லையா?

தோடர்களின் மந்துகளில் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. கோத்தர்கள் இரும்பு அடித்தார்கள், பானை வனைந்தார்கள். படுகர்கள் தானியம் விளைவித்தார்கள். குறும்பர்கள் காட்டிலிருந்து தேன் கொண்டுவந்தார்கள். பாலும் நெய்யும், கருவியும் பானையும், தானியமும் தேனும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறின. பணம் இல்லாமலே நடந்த இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பற்றி உலகமெங்கும் அறிஞர்கள் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்களிலேயே சல்லிவன் முதல்வரல்ல. 1603-ல் ஃபினிசியோ என்ற பாதிரியார் கள்ளிக்கோட்டைப் பக்கமிருந்து ஏறி வந்து தோடர்களைப் பார்த்து எழுதிவைத்தார். 1812-ல் கீஸ், மக்மஹோன் என்ற இருவர் கம்பெனிக்காக அளக்க வந்தார்கள். ஆக, சல்லிவன் செய்தது என்ன? கம்பெனி ஆட்சிக்கு இந்த மலையின் கதவைத் திறந்துவிட்டார். ரோடு வந்தது, பங்களா வந்தது, ஏரி வெட்டப்பட்டது. அவர் கட்டிய கல் பங்களா இன்றும் ஊட்டி அரசுக் கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த நிலம் தோடர்களுக்குப் பாத்தியப்பட்டது என்று கம்பெனி சர்க்காரிடம் வாதாடியவரும் இதே சல்லிவன்தான். அவரே ஏராளமான நிலத்தைத் தம் கையில் சேர்த்துக்கொண்டார் என்பதும் உண்மை. இரண்டையும் பிள்ளைகள் முன் வையுங்கள். ஒரு மனிதனை முழுக் கறுப்பாகவோ முழு வெள்ளையாகவோ பூசிவிடாமல், சாட்சியங்களை எடைபோட்டுத் தீர்மானிக்கப் பழகட்டும். சரித்திர அறிவு என்பது அந்தப் பழக்கம்தான். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது எட்டாது என்று நினைக்காதீர்கள். வீட்டில் அண்ணன் தம்பி சண்டையில் இரண்டு பக்கத்துப் பேச்சையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுகிற பிள்ளைதான் அது.

இரண்டாவது பாடம்: பாட்டன் வந்த வழி

புத்தகத்தில் ‘இந்தியாவும் அண்டை நாடுகளும்’ என்ற தலைப்பு வரும். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம், 1964 அக்டோபர் 30. பரீட்சைக்கு ஒரு மார்க் கேள்வி. ஆனால் சேரம்பாடியிலோ கோத்தகிரியிலோ உங்கள் வகுப்பில் அது ஒரு மார்க் விஷயமா?

இலங்கையில் காப்பித் தோட்டங்களை 1869-ல் தோன்றிய இலைநோய் அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்புதான், 1867-ல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டிக்குப் பக்கத்தில் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பி போன இடத்தில் தேயிலை ஏறியது. கொழுந்து பறிக்க ஆண்டு முழுவதும் கை வேண்டும். கங்காணிகள் தென்பாண்டிச் சீமையிலும் திருச்சி, சேலம் ஜில்லாக்களிலும் ஆள் சேர்த்தார்கள். மூன்று நாலு தலைமுறை அந்த மண்ணில் உழைத்தார்கள். 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டு, இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே, 1948-ல் வந்த பிரஜா உரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. தொடர்ந்து ஓட்டும் போயிற்று.

1964-ல் இரண்டு சர்க்கார்களும் உட்கார்ந்து கணக்குப் போட்டன. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது; 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது; மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. அந்த மீதியையும் 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் பெயர் பதிந்தார்கள். இந்த மலைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-ல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் தோட்டம்தான், 1976-ல் டான்டீ என்ற சர்க்கார் கம்பெனி ஆனது.

பாருங்கள், ஒரு செடியில் பிடித்த நோய், உலகச் சந்தை, ஒரு சட்டம், ஓர் ஒப்பந்தம், கடைசியில் உங்கள் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை. சரித்திரம், பூகோளம், பொருளாதாரம், குடிமையியல் நாலும் இந்த ஒரே கதையில் இணைந்து நிற்கின்றனவா இல்லையா? சமூகப் பாடம் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது இங்கே புரியும்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ‘சிலோன்காரப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள், உங்கள் கதையைச் சொல்லுங்கள்’ என்று வகுப்பின் நடுவே கேட்டுவிடாதீர்கள். பிரிந்துபோன உறவு, வழியில் இழந்த உயிர், இங்கே வந்தபின் பட்ட ஏளனம் என்று அந்தக் கதைகளில் ஆறாத புண் இருக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரு வேலை கொடுங்கள்: ‘உங்கள் வீட்டில் மூத்தவரிடம், அவர் சிறு வயதில் எங்கே இருந்தார், எப்படி இங்கே வந்தார் என்று கேட்டு, சொல்லச் சம்மதித்ததை மட்டும் எழுதி வாருங்கள்.’ தோடர் பாட்டியும் பேசுவாள், படுகர் தாத்தாவும் பேசுவார், லயன் வீட்டு அப்பாயியும் பேசுவாள். யாரும் தனியாக நிறுத்தப்பட மாட்டார்கள். எழுதி வந்த தாள்களைச் சேர்த்துக் கட்டினால் அந்தப் பள்ளிக்கே சொந்தமான ஒரு சரித்திர நூல் தயார்.

மூன்றாவது பாடம்: மழையும் மண்ணும்

பூகோளத்துக்கு இந்த மலையைவிட நல்ல ஆய்வுக்கூடம் வேறெங்கே கிடைக்கும்? தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று என்று சமவெளி மாணவன் உருப்போடுகிறான். இங்கே இரண்டும் கண்ணெதிரே நடக்கின்றன. கூடலூர், தேவாலா, அவலாஞ்சிப் பக்கம் ஆடியில் கொட்டுகிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிறது. ஏன்? நடுவே 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா நிற்பதைக் காட்டி, காற்று எந்தப் பக்கமிருந்து வந்து எந்தச் சரிவில் மோதுகிறது என்று பிள்ளைகளையே படம் போடச் சொல்லுங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் மலை சரிந்து வீடுகளை மூடியது, பலர் மாண்டார்கள். ‘நிலச்சரிவு – குறிப்பு வரைக’ என்று சொல்லிவிட்டுப் போக இந்தப் பிள்ளைகளிடம் முடியுமா? எந்தச் சரிவில் வீடு கட்டியிருக்கிறார்கள், சோலைக்காடும் புல்வெளியும் இருந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது, தண்ணீர் போக வழி எங்கே என்று அவர்கள் கேட்கத் தெரிந்துகொள்ள வேண்டும். அது அவர்கள் உயிர்ப் பிரச்னை.

சம உயரக் கோடுகளை விளக்கப் படம் வாங்க வேண்டியதில்லை. களிமண்ணில் ஒரு மலை பிடித்து, நூலால் சுற்றிச் சுற்றிக் கோடு போட்டால் போதும். சரிவு விகிதம் என்றால் என்ன என்று கேட்டால் ரயிலைக் காட்டுங்கள். 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் வந்த இந்த ரயில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் பன்னிரண்டரை அடி போவதற்குள் ஓரடி உயர்கிறது. அந்தப் பாதையைப் பாறையில் வெட்டியவர்கள் யார் என்ற கேள்வியும் தானே பின்னால் வரும்.

நாலாவது பாடம்: ஒரு கிலோ இலையின் கணக்கு

‘விலை எப்படி நிர்ணயமாகிறது?’ பொருளாதாரப் பாடக் கேள்வி. பசுந்தேயிலை ஒரு கிலோவுக்கு இந்த வாரம் என்ன விலை? உங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியும். சிறு விவசாயி இலையைப் பாக்டரிக்குப் போடுகிறார். பாக்டரி தூளாக்கிக் குன்னூர் ஏலத்துக்கு அனுப்புகிறது. ஏலத்தில் போன விலையைப் பொறுத்து இலைக்கு விலை. எஸ்டேட்டிலோ தொழிலாளிக்கு நாட்கூலி. கடையில் டீத்தூள் விலை வேறு. இந்த மூன்று கணக்கையும் பிள்ளைகளே விசாரித்து வந்து கரும்பலகையில் எழுதட்டும். யாருக்கு எவ்வளவு போகிறது என்பதை எண்கள் பேசும்.

குடிமையியலுக்கு 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. ஐம்பது பெண்கள் வேலை செய்கிற தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருபத்தைந்துக்கு மேல் இருந்தால் படிப்பு வசதி செய்யும்படி முதலாளிக்கு உத்தரவிட மாநில சர்க்கார் விதி செய்யலாம் என்றெல்லாம் அதில் ஷரத்துகள் இருந்தன. 2020-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒன்றில் அது சேர்க்கப்பட்டது. பழையதில் இருந்தது எது, புதியதில் இருப்பது எது என்று இரண்டையும் வைத்துப் படித்துக் காட்டுவதே ஒரு நல்ல பாடம். சட்டம் வானத்திலிருந்து விழுவதில்லை, மனிதர்கள் கேட்டதால் வந்தது, மனிதர்களால் மாற்றப்படுவது என்பது பிள்ளைக்குத் தெளிவாகும்.

வகுப்பறை மேடையல்ல

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மனம்விட்டுப் பேச வேண்டும். உங்கள் வகுப்பில் தொழிலாளியின் பிள்ளை இருக்கும். சிறு விவசாயியின் பிள்ளை இருக்கும். பாக்டரிக்காரர் பிள்ளையும் இருக்கலாம். ஆசிரியருக்கு அரசியல் அபிப்பிராயம் இருக்கலாம், இருக்கத்தான் செய்யும். அதற்காகத் தெருமுனையில் பேசுவதை வகுப்பில் பேசக் கூடாது. பிள்ளையிடம் அதிகாரம் செலுத்தும் இடத்தில் நிற்கிறவர், அந்த அதிகாரத்தைக் கொண்டு தன் முடிவைப் பிள்ளையின் தலையில் ஏற்றினால், அது பழைய மனப்பாடத்துக்கு இன்னொரு பெயர்தான்.

அதே சமயம், ‘நடுநிலை’ என்று சொல்லிக்கொண்டு லயன் வீட்டைப் பற்றியோ, பணியர்கள் கொத்தடிமையாகக் கிடந்த காலத்தைப் பற்றியோ, கூடலூரில் தலைமுறைகளாக நீண்ட ஜன்ம நிலப் பிரச்னையைப் பற்றியோ வாய் திறக்காமல் இருப்பதும் நேர்மையல்ல. உண்மைகளை வையுங்கள். தஸ்தாவேஜைக் காட்டுங்கள். எதிர்வாதத்தையும் சொல்லுங்கள். கேள்வி கேட்க விடுங்கள். முடிவைப் பிள்ளை எடுக்கட்டும். உண்மைக்கு அந்த அளவு நம்பிக்கை வைக்க நமக்குத் தைரியம் வேண்டும்.

பயிற்சியை எப்படி மாற்றுவது?

இது முடியுமா என்று கேட்பீர்கள். இதே மாவட்டத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. கூடலூரில் விஸ்வபாரதி வித்யோதயா அறக்கட்டளையினர் பழங்குடிப் பிள்ளைகளுக்காக நடத்திய பள்ளியில், பழங்குடி இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தார்கள். தங்கள் மொழியில் பேசும் அக்காவும் அண்ணனும் வகுப்பில் நின்றபோது, பள்ளி அன்னிய இடம் என்ற பயம் பிள்ளைகளுக்குக் குறைந்தது. அது சிறு பிள்ளைகளின் பள்ளி, உயர்நிலைப் பள்ளியல்ல. ஆனால் அந்த அனுபவம் நமக்குப் பாடம். ஊரை அறிந்தவரை ஆசிரியராக்கலாம். ஆசிரியராக வருகிறவரை ஊரை அறியச் செய்யலாம். இரண்டும் நடக்கக்கூடியதே.

உங்கள் கையில் இருப்பது பள்ளிப் பயிற்சிக்காக விதிகள் ஒதுக்கியிருக்கும் இருபது வாரம். அதை ரெக்கார்டு முடிக்கும் காலமாகக் கழித்துவிடாதீர்கள். முதல் வாரத்திலேயே அந்தப் பள்ளியின் பிள்ளைகள் எந்த எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று ஒரு வரைபடம் போடுங்கள். காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள், வழியில் யானை வருமா, மழை நாளில் யார் வருவதில்லை என்று கேட்டு எழுதுங்கள். ஒரு நாள் மந்துக்கும், ஒரு நாள் ஹட்டிக்கும், ஒரு நாள் லயனுக்கும், அழைத்தால் மட்டும், செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்காருங்கள். பிள்ளைகளின் தாய்மொழியில் இருபது முப்பது வார்த்தையாவது கற்றுக்கொள்ளுங்கள். ‘வா’, ‘உட்கார்’, ‘பயப்படாதே’ என்ற மூன்றை மட்டும் அதன் மொழியில் சொன்னாலும் பிள்ளையின் முகம் மலரும். உங்கள் பாடக் குறிப்பில், ஒவ்வொரு பாடத்துக்கும் இந்த மலையிலிருந்து ஓர் உதாரணமாவது இருக்கட்டும்.

உங்கள் உழைப்பு மட்டும் போதாது. நாம் சேர்ந்து கேட்க வேண்டியவையும் உண்டு. அரசுக் கல்வியியல் கல்லூரிகளில் இடங்களைப் பெருக்க வேண்டும். பழங்குடி, தோட்டத் தொழிலாளர் குடும்பப் பட்டதாரிகளுக்கு விடுதியும் உதவித்தொகையும் வேண்டும். நீலகிரிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப்போகிறவர்களுக்கு நீலகிரிப் பள்ளிகளிலேயே பயிற்சி தந்து, அதற்கான பயணச் செலவையும் கொடுக்க வேண்டும். மாவட்டத்தின் சரித்திரம், நிலம், தொழில், சட்டம் பற்றிய மூலங்களைத் தொகுத்து ஆசிரியருக்கென ஒரு கைந்நூலைத் தமிழில் வெளியிட வேண்டும். தேர்வு எழுதித் தேறியவர்களைப் பல்லாண்டு காக்க வைக்காமல் காலியிடங்களில் நியமிக்க வேண்டும். மலைப் பள்ளிக்கு வருகிறவர் அடுத்த இடமாறுதலுக்கு நாள் எண்ணிக்கொண்டிராமல் தங்குவதற்கு, குடியிருப்பும் வசதியும் செய்து தர வேண்டும். இவற்றில் எதுவும் ஆகாயக் கோட்டையல்ல. கேட்டால் கிடைக்கும்; கூடிக் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும்.

நண்பர்களே! ஆசிரியர் தகுதிக்கு எத்தனையோ பரீட்சைகள் வைத்திருக்கிறார்கள். அவற்றை எழுதுங்கள், வெற்றி பெறுங்கள். ஆனால் உண்மையான பரீட்சை ஒன்று உண்டு. அதற்கு மார்க் போடுகிறவர்கள் பிள்ளைகள். உங்கள் பாடம் முடிந்தபின், பேசாமல் நோட்டை மூடி வைத்துவிட்டுப் போனால் நீங்கள் இன்னும் தேறவில்லை. ‘சார், எங்கள் ஊருக்கு ஏன் இந்தப் பெயர்?’ ‘டீச்சர், அந்தச் சட்டத்தில் அப்படி இருந்தால் எங்கள் லயனில் ஏன் இல்லை?’ என்று ஒரே ஒரு பிள்ளை எழுந்து கேட்டுவிட்டால், அன்றைக்கு நீங்கள் சமூகப் பாட ஆசிரியர் ஆகிவிட்டீர்கள் என்று பொருள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அறிவையும், பதில் தெரியாதபோது ‘வா, சேர்ந்து தேடுவோம்’ என்று சொல்லும் மனத்தையும் இந்த இரண்டாண்டில் சேகரித்துக்கொள்ளுங்கள். மலைப் பிள்ளைகள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.